கோமேதகம் இல்லை

ஓகஸ்ட் 12, செவ்வாய்

இந்த அளவு கல்லுக்கு இவ்வளவு பாரம் எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரியவில்லை.

கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து யன்னல் ஒன்றும் திறக்கவில்லை. திறந்தால் குசினி முழுக்கப் புழுதி. பள்ளிக்கூட விடுமுறை. அலுமாரி அடுக்க நினைத்திருந்தேன். அடுக்கவில்லை.

பத்து மணிபோல முத்தையன்கட்டிலிருந்து அக்காவும் அவருடைய மருமகன் சுதனும். மோட்டார் சைக்கிளில், சொல்லாமல் கொள்ளாமல். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். சுதன் கைலேஞ்சியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான்.

"புதுக் கிணத்துக்க வந்தது, சின்ன மாமி. வெள்ளைக் கல்லை உடைக்கேக்க அதுக்க ஒட்டிக்கொண்டு இருந்தது. கோமேதகமாம். கிணறு வெட்டுறவர் சொல்லுறார்."

"அவர் கோமேதகம் கண்டிருக்கிறாரோ?"

"ஆரோ ஒருத்தற்ற மோதிரத்தில கண்டவராம்."

அக்கா சிரிக்கவில்லை. "உனக்குக் கம்பஸில நாலு வருசம் கல்லைத்தானே படிப்பிச்சவங்கள். இண்டைக்காவது பிரயோசனப்படட்டும். பாத்துச் சொல்லு, யோகா."

பெருவிரல் அளவு. சிவப்புக் கலந்த மண்ணிறம். தட்டை. ஒரு முனை உடைந்திருக்கிறது, மற்றப் பக்கங்கள் தானாக வளர்ந்த முகங்கள். கண்ணாடிப் பளபளப்பு இல்லை. வேப்பம் பிசின் காய்ந்தால் வருமே, அந்த மினுக்கம். கையில் வைத்ததும் கை சற்றுத் தாழ்ந்தது. அதை அவர்களுக்குக் காட்டவில்லை.

சுதன் அவசரப்படுகிறான். வவுனியாவில் கல் வாங்குகிற ஒருவரின் இலக்கம் அவனுடைய போனில் ஏற்கனவே இருக்கிறது. ஒரு கிழமை பொறு என்றேன். முகம் கோணிற்று. அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அடங்கினான். கல்லை விட்டுவிட்டுப் போனார்கள். அக்கா கொண்டுவந்த முருங்கைக்காயும் மேசையில்.

புவிச்சரிதவியல் படித்தேன். வேலைக்கு விண்ணப்பித்த காலத்தில் சண்டையால் பாதை பூட்டு. நேர்முகத்துக்குப் போக முடியவில்லை. அதன் பிறகு உயர்தர வகுப்புக்கு இரசாயனம். இத்தனை வருடத்தில் ஒருவரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து, இது என்ன என்று என்னிடம் கேட்டதில்லை. கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது, என்ன போடலாம் என்று கேட்டிருக்கிறார்கள். இரும்புச் சட்டியில் கறை போவதற்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார்கள்.

ஓகஸ்ட் 13, புதன்

காற்று குறையவில்லை. மின்சாரம் காலையில் இரண்டு தடவை போய் வந்தது. முருங்கைக்காய்க் கறி, உப்புக் கூட.

குசினி மேசையில் பழைய பத்திரிகை விரித்து வேலை.

நகம்: கீறவில்லை. செப்புக் கம்பி: கீறவில்லை. காய்கறிக் கத்தி: அழுத்திக் கீறினால் மெல்லிய கோடு. துடைத்துப் பார்த்தேன், கோடு அழியவில்லை. எனவே கத்தி தேய்ந்த தடமல்ல, கல்லில் விழுந்த கீறல்தான். உடைந்த யன்னல் கண்ணாடியில் கல்லை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது. கல்லோடு ஒட்டியிருந்த வெள்ளைப் பளிங்குத் துணுக்கு இதை வெண்ணெய் மாதிரிக் கீறுகிறது.

கோமேதகம் என்றால் கண்ணாடியைக் கீறியிருக்க வேண்டும். கத்தி தொட்டிருக்கக் கூடாது. ஆகவே கோமேதகம் இல்லை. அது இரண்டு நிமிட வேலை. இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுதனுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

நிறுத்தவில்லை. குளியலறை ஓடு ஒன்று மிச்சம் கிடந்தது. அதன் பின்பக்கத்தில் தேய்த்தேன். தூள் கிட்டத்தட்ட வெள்ளை. பழுதான கணினியிலிருந்து கழற்றி வைத்த காந்தம் இருந்தது. கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். கல் யோசித்து யோசித்துத் திரும்பியது. மிக மெல்ல. காற்றோ என்று கதவைச் சாத்திவிட்டு மறுபடியும். மறுபடியும் திரும்பியது.

மீதி பாரம்தான். வீட்டுத் தராசு மாவுக்குத்தான் சரி.

ஓகஸ்ட் 14, வியாழன்

பள்ளிக்கூடம் பூட்டு. காவலாளியிடம் ஆய்வுகூடத் திறப்பு வாங்கினேன். "விடுமுறையிலயும் விடமாட்டியளோ ரீச்சர்? சம்பளம் கூட்டித் தரவோ போறாங்கள்?" என்றார். விடைத்தாள் என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

தராசில் புறா எச்சம். துடைத்தேன். காற்றில் 31.2 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு 25.1. குறைவு 6.1. வகுத்தால் 5.1, தண்ணீரைப்போல ஐந்து மடங்கு பாரம்.

நம்பவில்லை. கல்லில் ஒட்டியிருந்த காற்றுக் குமிழை ஈர்க்குச்சியால் தட்டிவிட்டுத் திரும்ப. நூலை மாற்றித் திரும்ப. அதே 5.1. கோமேதகம் நாலைக்கூடத் தாண்டாது. சாதாரணக் கல் மூன்றுக்குள். ஐந்துக்கு மேல் பாரமும், கத்திக்கு விட்டுக்கொடுக்கும் மேனியும், பிசின் மினுக்கமும், தட்டை வடிவும், வெள்ளைத் தூளும், காந்தத்துக்கு அந்தச் சோம்பல் அசைவும் சேர்ந்து ஒரே கல்லில். ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்தேன். ஒரு பெயர் மிஞ்சியது.

மோனசைட்.

மணலாகப் பார்த்திருக்கிறேன், ஊசி முனைப் பருக்கையாக. பெருவிரல் அளவுப் பளிங்குருவாகப் பல்கலைக்கழகத்தில் பூட்டிய அலுமாரிக்குள் ஒன்று. தொட விடமாட்டார்கள். போனிலிருந்து காற்றாலை வரைக்கும் இன்று உலகமே தேடுகிற அருமண் உலோகங்கள் இதற்குள். கொஞ்சம் தோரியமும் இருக்கும், அதனால் மெல்லிய கதிர்வீச்சும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

ஆய்வுகூடத்தில் தனிய நின்று சிரித்தேன். எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இனி அது நடக்காது. தராசின் முள் நின்ற இடத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

பிறகு இந்தக் கல் எங்கே கிடந்தது என்ற ஞாபகம் வந்தது.

ஓகஸ்ட் 15, வெள்ளி

சந்தை. தக்காளி தொட முடியாத விலை. தேங்காய் வாங்கவில்லை. செருப்புக்கு வார் மாற்ற வேண்டும்.

உறுதி என்று எழுத எனக்கு உரிமை இல்லை. கருவி இல்லை, இரசாயனப் பகுப்பு இல்லை. ஒரு கல் சுரங்கமாகாது. மாணவன் ஒருவன் அப்படி எழுதினால் பிழை போடுவேன். எல்லாம் சரி. ஆனால் அது சுரங்கமா இல்லையா என்று துளை போட்டுப் பார்க்கிறவர்கள் பார்த்து முடித்து, இல்லை என்று சொல்லிவிட்டுப் போக எத்தனை வருடம்? அதுவரைக்கும் அக்கா எங்கே இருப்பார்?

கரையோரத்தில் கறுத்த மணலுக்கு நடந்தது தெரியும். முதலில் ஒரு வாகனம். பிறகு குடை பிடித்துக்கொண்டு அளக்கிற நாலு பேர். பிறகு, உள்ளே வரக் கூடாது என்று பலகை.

வேறு ஊரில் கிணற்றுக்குள் அரிய கல் வந்தால் வெடி கொளுத்துவார்கள்.

ஓகஸ்ட் 16, சனி

பஸ்ஸில் முத்தையன்கட்டு. யன்னலோரம். புழுதியில் முந்தானை செம்மண் நிறம்.

அக்காவின் கிணறு. தண்ணீர் கண்டுவிட்டது. கலங்கல்தான், ஆனால் இனிப்பு. குடிக்கத் தந்தார். பழைய கிணற்றை, காணியைப் பிடித்திருந்த ஆமி முகாம்காரர் குப்பை போட்டு மூடிவிட்டுப் போனார்கள். காணி கைக்கு வந்த நாளிலிருந்து அக்கா ஊர்க் கிணறுகளில் வாளியோடு நின்றிருக்கிறார். இது அவருடைய சீட்டுக் காசும், விற்ற பசு மாடும். உள்ளே எட்டிப் பார்த்தேன். வடக்குப் பக்கச் சுவரில் வெள்ளைக் கல் பட்டையாக ஓடுகிறது. அதற்குள் மண்ணிறப் புள்ளிகள். இன்னும் இருக்கின்றன.

சுதனிடம் முதலில். "கோமேதகம் இல்லை. கத்தி கீறுது, பார்." கீறிக் காட்டினேன். அவன் கல்லைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான், நான் மாற்றி வைத்துவிட்டேனோ என்று. பிறகு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்காவிடம் உண்மை. குசினிக்குள், மெதுவாக.

"அப்ப விலையில்லாத கல்லோ?"

"விலை இருக்கு. உனக்கில்லை. கீழ இருக்கிறது அரசாங்கத்துக்கு. மேல இருக்கிறதும் அரசாங்கம் தந்த பெர்மிட் காணிதானே."

"சொன்னா என்ன செய்வாங்கள்?"

"வருவினம். துளை போடுவினம். பலகை நடுவினம். அதுக்குப் பிறகு உன்னைக் கேட்டுத்தான் வேலி அடைப்பினம் எண்டு நினைக்கிறியோ?"

அக்கா அடுப்பை ஊதினார். ஊதத் தேவையில்லை, எரிந்துகொண்டுதான் இருந்தது. "ஆமி இருக்கேக்க றோட்டில நிண்டு என்ர மாமரத்தைப் பாத்தனான். ஆரோ காய் பிடுங்கிறாங்கள். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். இனி அந்த நிலை நிக்க ஏலாது, யோகா."

"அப்ப எறிஞ்சு விடு. கிணத்துக் கல்லுக் குவியலில கல்லோட கல்லாப் போடு. ஒருத்தரோடயும் கதைக்காத."

"ஓம்" என்றார். தலையை ஆட்டிய விதம் பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஓகஸ்ட் 18, திங்கள்

பள்ளிக்கூடம் தொடக்கம். உயர்தர வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை.

இடைவேளையில் அக்காவின் போன்.

அக்கா கல்லை எறியவில்லை. புதைத்திருக்கிறார். சனி மாலை, பொழுது படுகிற நேரம். பால்மா ரின்னுக்குள் கல், ரின்னைச் சுற்றிப் பொலித்தீன், பொலித்தீனைச் சுற்றி சைக்கிள் ரியூப். கிணற்றுக்கும் மாமரத்துக்கும் நடுவில் இடுப்பளவு கிடங்கு. மேலே சருகு பரப்பி, அடையாளத்துக்கு ஓட்டுத் துண்டு.

ஏன் என்று கேட்டேன்.

"நீதானே சொன்னனி, ஒருத்தரும் காணக்கூடாது எண்டு. குவியலில போட்டா ஆரும் எடுப்பினம்."

எறி என்றுதான் சொன்னேன். ஆனால் யாரிடம் சொன்னேன்? இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் தையல் மெசினையும் பித்தளைக் குடங்களையும் அப்படித்தான் புதைத்துவிட்டுப் போனவர். அரைவாசியாவது திரும்பி வந்து தோண்டி எடுத்தவர். ஒளிக்க வேண்டிய பொருள் என்றால் அந்தக் கைகளுக்கு ஒரு வழிதான் தெரியும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 5.1 என்று மூன்று தடவை சரிபார்த்த எனக்கு.

வேலிக்கு அப்பால் பரமலிங்கத்தார் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றாராம். ஒரு மனுசி பொழுது படக் கிடங்கு வெட்டுகிறாள், எதையோ இறக்குகிறாள், மூடுகிறாள். இந்த மாவட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். போர் முடிகிறபோது இயக்கம் புதைத்த தங்கம். காட்டிக் கொடுத்தால் பங்கு உண்டு என்று ஒரு கதை வேறு.

ஞாயிறு காலை பொலிஸ். சுதன் பயந்து தானே தோண்டி ரின்னை எடுத்துக் கொடுத்திருக்கிறான். திறந்தார்கள். கல்.

"கல்லோ? கல்லைப் புதைக்கவோ இந்தக் கிடங்கு வெட்டினது?" அங்கே தமிழ் பேசுகிற கொன்ஸ்டபிள் ஒருவர். "அம்மா, எங்களைப் பேயர் எண்டு நினைச்சியளோ? இது அடையாளக் கல்லு. மற்றது எங்க?"

மற்றது எங்கே என்று அக்கா எதைச் சொல்வார்?

மாலை வகுப்பு எடுக்கவில்லை. தலையிடி.

ஓகஸ்ட் 20, புதன்

நீதிமன்ற அனுமதி கிடைத்துவிட்டது. நாளை காலை தோண்டுகிறார்கள். மண் கிண்டுகிற பெக்கோ வருகிறது. கிராம சேவகர் சாட்சிக்கு நிற்பார். உலோகம் காட்டுகிற கருவி வைத்து நிலத்தைச் சோதித்திருக்கிறார்கள். எங்கும் கீச்சிடுகிறதாம். கீச்சிடாமல் என்ன செய்யும்? அந்தக் காணியில் மண்வெட்டி போட்டால் ஒரு குண்டுச் சிதறல் வரும். அக்கா கத்தரிக்குப் பாத்தி கட்டும்போது பொறுக்கிப் பொறுக்கி ஒரு வாளி சேர்த்திருந்தார், பழைய இரும்புக்காரனுக்கு.

கருவி மிகக் கூடுதலாகக் கத்தியது கிணற்றடியிலாம்.

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன். அதிபர் காரணம் கேட்டார். குடும்ப விசயம்.

அவர்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. ஒரு கல்லை ஏன் புதைக்க வேண்டும்? அதற்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. அது எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் பெக்கோ நிற்கலாம். கிணறு தப்பும். பிறகு குடை பிடித்த நாலு பேர். சொல்லாவிட்டால் கிணறு போகும், காணி நிற்கும். சிலவேளை.

அக்கா போனில்: "நீ வா. ஒண்டும் சொல்ல வேண்டாம். வந்து நில்லு."

சொன்னாலும் அவர்கள் நம்புவார்களோ? கிளிநொச்சியில் இரசாயனம் படிப்பிக்கிற ஒருத்தி, குசினிக் கத்தியால் கீறிப் பார்த்தாளாம். நானே நம்பமாட்டேன்.

சேலை எடுத்து வைத்தேன். கத்தியையும் கைப்பையில் வைத்தேன்.

ஓகஸ்ட் 21, வியாழன்

நடந்தது நடந்தபடி.

ஒன்பது மணிக்குப் போனேன். பெக்கோ, இரண்டு ஜீப், மஞ்சள் நாடா. நாடாவுக்கு வெளியே ஊர் முழுக்க. ஒருவர் கச்சான் கடலை விற்கிறார். "கிணத்தடியில விட்டுப் பாருங்கோ, அங்கதான் அவங்கள் வைப்பாங்கள்" என்று ஒரு குரல். "உனக்கெப்பிடித் தெரியும், நீயோ வச்சது?" என்று இன்னொன்று. சிரிப்பு.

அக்கா மாமரத்தடியில், கைகளைக் கட்டிக்கொண்டு. சுதன் கொஞ்சம் தள்ளி.

பொறுப்பதிகாரியிடம் நேரே போனேன். சிங்களத்தில் கதைத்தேன். படித்த காலத்துச் சிங்களம், துருப்பிடித்தது. நான் இவருடைய தங்கை, கல் பற்றிப் படித்தவள் என்றேன். கல்லைக் கேட்டேன். ஜீப்புக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார், மரியாதையாகத்தான்.

கைப்பையிலிருந்து கத்தியை எடுத்து அவர் கண்முன் கீறினேன். பாருங்கள், கத்தி கீறுகிறது. மாணிக்க வகை என்றால் கீறாது. கோமேதகம் என்று நினைத்தார்கள். ஒளித்து வைத்தார்கள். ஏமாந்துவிட்டார்கள். படிக்காதவர்கள்.

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பிறகும் யோசித்துப் பார்த்தேன், ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவர் கல்லைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். ஒரு கணம். பாரம் அவருக்கும் தெரிந்திருக்கும். பிறகு சிரித்தார். கொன்ஸ்டபிள் ஊருக்குக் கேட்கிற மாதிரித் தமிழில்: "கேட்டியளே, ரீச்சர் சொல்லுறா. இந்த அம்மா இரத்தினக் கல்லெண்டு நினைச்சு ரின்னுக்க போட்டுப் புதைச்சவவாம்! படிக்காததால வந்த வினையாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். கடலைக்காரரும். சுதன் நிலத்தைப் பார்த்தான்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சத்தமாக, எல்லாருக்கும்: "ஓம். எனக்கு விசர். ரீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

யோகா என்று சொல்லவில்லை.

அதிகாரி கல்லைக் குவியலில் எறிந்தார். நம்பிவிட்டார். நம்பியும், அனுமதி எடுத்தாயிற்று, பெக்கோ வந்தாயிற்று, தோண்டாமல் போக முடியாது என்றார். கருவி கத்திய இடங்களை மட்டும்.

மாமரத்தடியில் ஒரு சைக்கிள் றிம். வேலியோரம் வெற்றுத் தோட்டாக் கோதுகள். கிணற்றடியில் முகாம்காரர் விட்டுப்போன தண்டவாளத் துண்டு. அதைக் கிளப்பும்போது கிணற்றின் ஒரு பக்கம் இடிந்து இறங்கிவிட்டது. கட்டாத கிணறு. சத்தம் பெரிதாக இல்லை. மண் மெதுவாக உள்ளே போனது, வெள்ளைக் கல்லும் அதன் புள்ளிகளும் வெளியே தெரிந்து வெயிலில் கிடந்தன. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. நானும்தான்.

இரண்டரைக்கு நிறுத்தினார்கள். ஒன்றும் இல்லை என்று கிராம சேவகர் உரத்துச் சொன்னார். நாடாவைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதிகாரி அக்காவைப் பார்த்துத் தலையைச் சற்றுக் குனிந்தார். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

"அக்கா" என்றேன். காணி நிற்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பஸ்ஸுக்கு நேரமாகுது. நீ போ."

போகவில்லை. நின்றேன். அக்கா குசினிக்குள் போனார், தண்ணீர்க் குடம் வெறுமை, வெளியே வந்தார். வாளியை எடுத்துக்கொண்டு வேலியோரமாகப் பரமலிங்கத்தார் வீட்டுப் படலைக்குப் போனார். திறந்து உள்ளே போகவில்லை. நின்றார். பரமலிங்கத்தார் வந்து வாளியை வாங்கினார். தன் கிணற்றிலிருந்து அள்ளி நிரப்பிக் கொண்டுவந்து, படலைக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.